நாயகன் என்கிறார்கள், செய்வதெல்லாம் வில்லன் வேலை

கேள்வி இதுதான்: படம் முழுக்க நாயகன் என்று கொண்டாடப்படும் ஒருவர், அவர் செய்த காரியங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் வில்லனாகத் தெரிகிறார். அப்படிப்பட்ட படங்கள் எவை? பார்க்கும்போது அது ஏன் நமக்கு உறைப்பதில்லை?

யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது 'பாசஞ்சர்ஸ்' (2016) படத்தைத்தான். அவலான் என்ற விண்கலம் 5,000 பயணிகளை உறக்கநிலையில் வைத்து இன்னொரு கிரகத்துக்குக் கொண்டுபோகிறது. பயணம் 120 ஆண்டுகள். ஒரு கோளாறால் ஜிம் என்ற மெக்கானிக் மட்டும் 90 ஆண்டுகள் முன்னதாகவே விழித்துவிடுகிறான். திரும்பத் தூங்க வழியில்லை. பேச்சுத்துணைக்கு மதுக்கூடத்தில் ஓர் இயந்திர மனிதன், அவ்வளவுதான். ஒரு வருடம் தனியாகத் திண்டாடுகிறான், தற்கொலை வரை போகிறான். அப்புறம் உறக்கப் பெட்டிக்குள் படுத்திருக்கும் அரோரா என்ற எழுத்தாளரைப் பார்க்கிறான். அவள் எழுதியதைத் தேடிப் படிக்கிறான், அவள் பேசிய பதிவுகளைப் போட்டுப் பார்க்கிறான், காதலில் விழுகிறான். கடைசியில் அவள் பெட்டியைத் தானே பழுதாக்கி அவளை எழுப்பிவிடுகிறான்.

எழுப்பியதோடு நிற்கவில்லை. உன் பெட்டியும் என்னுடையதைப் போலத் தானாகப் பழுதாகிவிட்டது என்று நம்ப விடுகிறான். அவள் போட்டிருந்த திட்டமே வேறு. அந்தக் கிரகத்தில் ஓராண்டு இருந்துவிட்டு மறுபடி பூமிக்குத் திரும்பி, வேறு யாருமே எழுத முடியாத ஒரு புத்தகத்தை எழுத நினைத்திருந்தாள். அது போயிற்று. இனி அவள் அந்தக் கலத்துக்குள்ளேயே கிழவியாகிச் சாக வேண்டியதுதான். யார் தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று தெரியாமலேயே அவனைக் காதலிக்கவும் தொடங்குகிறாள்.

நடிகர்களின் முகத்தை மறந்துவிட்டு, நடந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மிச்ச வாழ்நாளை ஒருவன் அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டான், எடுத்ததை மறைத்தான், மறைத்துக்கொண்டே அவளோடு குடும்பம் நடத்தினான். திகில் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. படம் அரோரா விழிக்கும் இடத்தில் தொடங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலர் சொன்னார்கள், சரியான யோசனைதான். ஒரு காட்சியைக்கூடப் புதிதாக எடுக்க வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும், அதே சிரித்த முகம் நம்மைப் பயமுறுத்தும்.

உண்மை தெரிந்த பிறகு அரோரா அவன் படுக்கைக்கே வந்து அவனை அடிக்கும் காட்சி ஒன்று உண்டு. படத்தின் நேர்மையான இடம் அது. அவள் கோபத்துக்கு எந்தச் சமாதானமும் அங்கே சொல்லப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு படம் தன் நாயகனைக் காப்பாற்றும் வேலையில் இறங்கிவிடுகிறது. கலம் வெடிக்கப் போகிறது, அதைச் சரிசெய்ய ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். ஆக, அரோரா விழித்திருந்ததால்தான் 5,000 பேரும் பிழைத்தார்கள் என்றாகிவிடுகிறது. எழுப்பியபோது அவன் மனதில் இருந்தது தன் தனிமை மட்டும்தான், கலத்துக்கு ஆபத்து என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. இருந்தும் பின்னால் வந்த விபத்து அவன் குற்றத்தை முன்தேதியிட்டுப் புண்ணியமாக்கிவிடுகிறது. முடிவில் அவள் அவனோடு இருக்கவே சம்மதிக்கிறாள். வழக்கு தள்ளுபடி.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாயகன் தப்பு செய்வதில் எந்தத் தப்பும் இல்லை. தப்பே செய்யாதவனை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் கதை சொல்லவும் முடியாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அவனால் அடிபட்டவருக்குப் படம் பேச இடம் கொடுக்கிறதா? கொடுத்தால் அவன் குறைகளுள்ள ஒரு மனிதன். கொடுக்காமல், அடிபட்டவரைக் கோமாளியாக்கியோ, இன்னும் மோசமானவராக்கியோ, கடைசியில் அவர் வாயாலேயே நன்றி சொல்ல வைத்தோ கடந்துபோனால், அந்தப் படத்தில் ஒரு வில்லன் நாயகன் வேடத்தில் நடமாடுகிறான்.

இது ஏன் நமக்கு உறைப்பதில்லை என்பதற்கு ஆல்பிரட் ஹிட்ச்காக் 'சைக்கோ' (1960) படத்தில் கண்கூடாகவே பதில் சொல்லியிருக்கிறார். மேரியன் என்ற பெண் குளியலறையில் குத்திக் கொல்லப்படுகிறாள். அதுவரை படத்தின் நாயகி அவள்தான். அடுத்து நார்மன் பேட்ஸ் வருகிறான். கொன்றது அவன் அம்மா என்று அப்போது நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அவன் தரையைத் துடைக்கிறான், தொட்டியைக் கழுவுகிறான், உடலைத் திரைச்சீலையில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைக்கிறான், காரைச் சதுப்பு நிலத்தில் தள்ளிவிடுகிறான். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வேலையாக, நிமிடக்கணக்கில் இது ஓடுகிறது. கார் மெல்ல மூழ்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. நார்மன் வாயில் எதையோ மென்றுகொண்டே பதறிப்போய் அக்கம்பக்கம் பார்க்கிறான். அந்த நொடியில் பார்ப்பவர் நெஞ்சும் நின்றுவிடுகிறது. முழுகித் தொலையேன் என்று மனம் தவிக்கிறது. மறுபடி கார் அமிழும்போது நிம்மதி வருகிறது. சில நிமிடங்களுக்கு முன்புவரை அந்தப் பெண்ணுக்காகப் பதைத்த நாமேதான் இப்போது அவள் பிணம் மறைய வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

கேமரா யாரோடு அதிக நேரம் இருக்கிறதோ, யாருடைய சிக்கலை அவரோடு சேர்ந்து நம்மையும் அவிழ்க்க வைக்கிறதோ, அவர் பக்கம் போய்விடுவோம். அவர் நல்லவரா என்ற கேள்வி அப்புறம்தான் வரும், பல நேரம் வராமலே போய்விடும். இதோடு பின்னணி இசையும் ஒரு நட்சத்திரத்தின் முகமும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

நம் படங்களில் இது அதிகமாக நடப்பது காதலில்தான். 'ரெமோ' (2016) படத்தில் நாயகன் நடிகனாக ஆசைப்படும் இளைஞன். காவ்யா என்ற மருத்துவரைப் பார்த்ததும் பிடித்துவிடுகிறது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நர்ஸ் வேடம் போட்டு அவள் வேலை செய்யும் மருத்துவமனைக்குள்ளேயே போகிறான், தோழியாகப் பழகுகிறான். அவள் மனதில் இருப்பதையெல்லாம் தோழியிடம் சொல்கிறாள் என்று நினைத்துச் சொல்கிறாள். அதை வைத்துக்கொண்டு மறுபக்கம் ஆண் உருவில் வந்து அவள் மனதைக் கலைக்கிறான். நிச்சயம் முறிகிறது. பாட்டும் சிரிப்புமாகப் போகும் படம் என்பதால் உள்ளே நடப்பது கண்ணில் படுவதில்லை. அவள் நம்பிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு எதிராகவே பயன்பட்டது. பின்தொடர்ந்து தொல்லை தருவதைக் காதலாகக் காட்டுகிறது என்று படம் வந்தபோதே கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் எனக்கு முழு உடன்பாடு.

இதே வேடம் போடும் உத்தியை 'மிசஸ் டவுட்ஃபயர்' (1993) எப்படிக் கையாண்டது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். விவாகரத்தான அப்பா, பிள்ளைகளைப் பார்க்க முடியாத ஏக்கத்தில் வயதான பணிப்பெண் வேடத்தில் முன்னாள் மனைவியின் வீட்டுக்கு வேலைக்குப் போகிறார். செயல்களை மட்டும் பார்த்தால் இதுவும் கொடுமைதான். நீதிமன்ற உத்தரவை மீறி ஒரு பெண்ணின் வீட்டுக்குள் பொய் அடையாளத்தில் நுழைகிறார். அவளுடைய புதிய நண்பருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தே சாப்பாட்டில் மிளகாய்த்தூளைக் கொட்டுகிறார். அந்த மனிதர் மூச்சுத் திணறிச் சாகப் பார்க்கிறார். காப்பாற்றுவதும் இவர்தான் என்றாலும், சாகப்போனது இவரால்தான். ஆனால் படம் இவரைத் தப்பிக்க விடவில்லை. நீதிபதி இவரது செயலை நேராகவே கண்டிக்கிறார். பிள்ளைகளை இன்னொருவர் மேற்பார்வையில் மட்டுமே பார்க்கலாம் என்று முன்பைவிடக் கடுமையான உத்தரவு வருகிறது. மனைவியின் மனக்காயத்துக்குப் படம் நேரம் ஒதுக்குகிறது. கடைசிவரை அவர்கள் ஒன்று சேர்வதும் இல்லை. அந்தக் கதையைத் தழுவி வந்த 'அவ்வை சண்முகி' (1996) எனக்கு மிகவும் பிடித்த நகைச்சுவைப் படங்களில் ஒன்று; கமல்ஹாசனின் நடிப்புக்காக எத்தனை முறையும் பார்ப்பேன். ஆனால் அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்துவிடுகிறார்கள். சேர்ந்ததும் வேடம் போட்டு ஏமாற்றியது ஒரு விளையாட்டாகச் சுருங்கிவிடுகிறது. முடிவை மாற்றினாலே நாயகனின் கணக்கு மாறிவிடும் என்பதற்கு இந்த இரண்டு படங்களே சாட்சி.

இதற்கு அண்மையில் இன்னொரு சாட்சியும் வந்தது. தனுஷ் நடித்த 'ராஞ்சனா' (2013), தமிழில் 'அம்பிகாபதி'. குந்தன் சின்ன வயதிலிருந்தே ஜோயாவைச் சுற்றிச் சுற்றி வருகிறான், கையை அறுத்துக்கொண்டு மிரட்டுகிறான். பிறகு அவள் வேறொருவனை மணக்கப் போகும் நாளில், மாப்பிள்ளை சொல்லியிருந்த அடையாளம் பொய் என்பதை அவள் குடும்பத்தின் முன் போட்டு உடைக்கிறான். அந்த இளைஞன் அடிபட்டுச் செத்தே போகிறான். இது காதலா? என்னைக் கேட்டால் இல்லை. படத்துக்கும் அது தெரியும் என்பதுதான் முக்கியம். ஜோயா அவனை மன்னிப்பதில்லை. அவனைச் சாவுக்கு அனுப்பும் திட்டத்துக்கு உடன்படுகிறாள். அவனும் தெரிந்தே போகிறான், சாகிறான். அந்தச் சாவுதான் அவன் கட்டும் விலை. 2025 ஆகஸ்டில் தமிழ்ப் பதிப்பை மறுபடி வெளியிட்டபோது, செயற்கை நுண்ணறிவை வைத்து முடிவை மாற்றி, குந்தன் பிழைத்துக்கொள்வதாகக் காட்டினார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். படைப்புரிமை பற்றித்தான் அப்போது அதிகம் பேசப்பட்டது. எனக்கு உறுத்தியது வேறு. கண்ணைத் திறந்து எழுந்துகொள்ளும் குந்தன், செத்துப்போன அந்த இளைஞனுக்கு எந்தப் பதிலும் சொல்ல வேண்டாதவனாகிவிடுகிறான். சில நிமிட மாற்றத்தில், தப்புக்கு விலை கொடுத்தவன் விலையே கொடுக்காதவனாகிவிட்டான்.

செல்வராகவனின் 'காதல் கொண்டேன்' (2003) இந்த இடத்தில் தெளிவாக இருந்தது. வினோத்தின் குழந்தைப் பருவக் கொடுமைகளை நமக்குக் காட்டுகிறது, அவனுக்காக அழ வைக்கிறது. ஆனாலும் அவன் செய்வது காதல் என்று சொல்ல மறுக்கிறது. அவன் விரும்பும் திவ்யாவின் பயத்தை நிஜமான பயமாகவே காட்டுகிறது. இரக்கம் வேறு, ஒப்புதல் வேறு. 'அர்ஜுன் ரெட்டி' (2017) வகைப் படங்களில் எனக்கு இருக்கும் மனக்குறையே இதுதான். நாயகனின் வலிக்கு மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது, நாயகி என்ன நினைக்கிறாள் என்று கேட்கச் சில நிமிடம் கூட இல்லை.

சரி, காதலை விடுவோம். குடும்பப் பாசத்துக்கு வருவோம். அங்கேதான் எனக்கு மிகவும் கடினமான படம் இருக்கிறது: 'திருஷ்யம்' (2013), தமிழில் 'பாபநாசம்' (2015). சுயம்புலிங்கம் யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். மூத்த மகள் குளிப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறான் ஒரு பையன். கைகலப்பில் அவள் கையால் அவன் சாகிறான். போலீஸ் ஐ.ஜி.யின் ஒரே மகன் அவன். அதன் பிறகு சுயம்புலிங்கம் செய்வதையெல்லாம் நாம் கைதட்டிப் பார்க்கிறோம். காரை அப்புறப்படுத்துகிறார், போய்வராத நாளில் வெளியூர் போனதாகச் சாட்சிகளை உருவாக்குகிறார், சின்னக் குழந்தை உட்படக் குடும்பத்தையே பொய் சொல்லப் பழக்குகிறார். பிணத்தை யாரும் தோண்டிப் பார்க்கவே முடியாத இடத்தில், கட்டிக்கொண்டிருக்கும் காவல் நிலையத்துக்கு அடியிலேயே புதைக்கிறார்.

இப்போது இதையே அந்தத் தாயின் பக்கமிருந்து பாருங்கள். ஒரு நாள் மகன் வீடு திரும்பவில்லை. கார் கிடைத்தது, மகன் கிடைக்கவில்லை. ஒருவன் மேல் சந்தேகம். அவன் கண்ணைப் பார்த்தாலே அவன்தான் என்று தெரிகிறது. கேட்டால் குழந்தை முதற்கொண்டு ஒரே மாதிரி ஒப்பிக்கிறார்கள். உயிரோடு இருக்கிறானா, செத்தானா என்பதைக்கூட அவன் சொல்ல மாட்டான். இந்தப் படத்தை அவள் பக்கம் நின்று எடுத்திருந்தால் சுயம்புலிங்கத்தைவிடக் கல்நெஞ்சக்காரனை நாம் திரையில் பார்த்திருக்க மாட்டோம்.

அப்படியானால் அவரையும் வில்லன் பட்டியலில் சேர்ப்பதா? நான் சேர்க்க மாட்டேன். காரணம் கடைசிக் காட்சி. மகனைப் பறிகொடுத்த அந்தத் தம்பதி அதிகாரமெல்லாம் போய், வெறும் அப்பா அம்மாவாக வந்து அவர் முன் நிற்கிறார்கள். மகன் திரும்பி வருவானா என்பதை மட்டும் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். சுயம்புலிங்கத்தால் அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நேராகச் சொல்லாமல், புரியும்படி சொல்லிவிட்டு, மன்னிப்பும் கேட்கிறார். ஆஷா சரத் இரண்டு மொழிகளிலும் அந்தத் தாயாக நடித்திருக்கிறார். அவர் முகத்துக்கு அங்கே கேமரா நேரம் கொடுக்கிறது. அந்தக் காட்சி மட்டும் இல்லையென்றால் படம் ஒரு கெட்டிக்காரனின் சாதனைக் கதையாக நின்றிருக்கும். ஒரு குறை மட்டும் மிச்சம். விசாரணையில் குழந்தையைக்கூட அடிக்கும் ஒரு கொடூரக் காவலரைக் கதையில் வைத்ததால், எதிர்ப்பக்கத்தின் நியாயத்தை நாம் எடை போடுவது கொஞ்சம் சுலபமாகிவிடுகிறது. அந்த ஆள் இல்லாமல், ஒழுங்காக விசாரிக்கும் போலீஸை வைத்து இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் இன்னும் கனத்திருக்கும்.

தனி ஆளாகத் தண்டனை கொடுக்கும் நாயகர்களுக்கு வந்தால் 'அந்நியன்' (2005). விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறுத்தவரை எருமைகளை விட்டு மிதிக்க வைக்கிறான். ரயிலில் கெட்டுப்போன சாப்பாடு போட்ட ஒப்பந்தக்காரரைக் கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கிறான். அவர்கள் செய்தது தப்புதான். அதற்கு எண்ணெய்க் கொப்பரையா? தியேட்டரில் இந்தக் கேள்வி வருவதில்லை, ஏனென்றால் கொல்லப்படுபவர்களுக்கு வீடு, மனைவி, பிள்ளை என்று எதுவுமே காட்டப்படவில்லை. தப்பு மட்டும்தான் அவர்கள் அடையாளம். ஒரே ஒரு இடத்தில் இது உடைகிறது. பத்திரப் பதிவுச் செலவைக் குறைக்கச் சின்னத் தில்லுமுல்லு செய்யப் பார்த்த நந்தினியைத் தண்டிக்க அந்நியன் வருகிறான். அவன் காதலிக்கும் பெண்ணே அவள். அப்போதுதான் நமக்குக் குலை நடுங்குகிறது. இதுவரை செத்தவர்களும் இப்படித்தானே நடுங்கியிருப்பார்கள் என்று படம் அந்த இடத்தில் நின்று யோசித்திருந்தால் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். யோசிக்கவில்லை. சிகிச்சை முடிந்து வந்த பிறகும் ஓடும் ரயிலிலிருந்து ஒருவனைத் தள்ளிவிடுகிறான், அதையும் வெற்றியாகவே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) படத்தைப் பலரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதுண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. வேலு நாயக்கரைக் கேள்வி கேட்க அந்தப் படம் அவர் வீட்டுக்குள்ளேயே, அவர் பெற்ற மகளையே நிறுத்துகிறது. அவள் தன் நியாயத்தை முழுதாகச் சொல்லிவிட்டு வீட்டைவிட்டே போகிறாள். அவளுக்குப் பதில் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

கதை தன் நாயகனை இப்படிக் கேள்வி கேட்கவிடுவது சினிமா கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. கம்பராமாயணத்தில் வாலி வதைப் படலம் இருக்கிறது. இராமன் மறைந்து நின்று அம்பு விடுகிறான். விழுந்த வாலி தன் மார்பில் பாய்ந்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் இராமன் என்ற பெயரைப் பார்க்கிறான். பிறகு பேசுகிறான். பாட்டுக்கு மேல் பாட்டாகப் பேசுகிறான். எனக்கும் என் தம்பிக்கும் பகை, உனக்கு நான் என்ன செய்தேன், நேரில் வராமல் ஏன் மறைந்து நின்றாய் என்று அவன் கேட்கும் கேள்விகளின் கூர்மையைக் கம்பர் கொஞ்சமும் மழுக்கவில்லை. மறைந்து நின்றது ஏன் என்ற கேள்விக்கு இராமன் வாயைத் திறப்பதே இல்லை, இலக்குவன் குறுக்கிட்டுப் பதில் சொல்கிறான். தெய்வமாகவே கொண்டாடும் நாயகனின் எதிரில் அடிபட்டவனை இத்தனை நேரம் பேச விட்டது பெரிய துணிச்சல். வாலி இறுதியில் சமாதானமாகி, மகன் அங்கதனை இராமனிடமே ஒப்படைக்கிறான். ஆனால் அவன் கேட்ட கேள்வி அடங்கவில்லை, பட்டிமன்ற மேடைகளில் இன்றும் அதை வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய தமிழ்ப் படங்களிலும் இந்தத் துணிச்சல் இருந்தது. எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாட்டே இல்லாத படம். சிவாஜி கணேசன் சாகும் காட்சியிலிருந்து தொடங்குகிறது. கொன்றது யார் என்று ஒவ்வொருவராக விசாரிக்க, செத்தவன் உலகப்போர்க் காலத்தில் எதிரி நாட்டுக்கு ரகசியம் விற்ற துரோகி என்பது தெரிய வருகிறது. அவன் புத்திசாலி, படித்தவன், நாடு தன்னை மதிக்கவில்லை என்ற அவன் ஆத்திரத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையெல்லாம் காட்டிய பிறகும் படம் அவனை மன்னிக்கவில்லை. மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியால்தான் சாகிறான். பெரிய நட்சத்திரம் ஒருவர் வளர்ந்துவரும் காலத்திலேயே இப்படி ஒரு பாத்திரத்தை ஏற்றார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. 'மங்காத்தா' (2011) வேறு விதத்தில் நேர்மையானது. அதன் நாயகன் நான் கெட்டவன்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பணத்தைத் தேடிப் போகிறான். அவனுக்கு நியாயம் கற்பிக்கப் படம் முயலவே இல்லை என்பதால் அதன்மேல் எனக்குப் புகாரும் இல்லை.

சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 'மேன் ஆஃப் ஸ்டீல்' (2013) முடிவில் சூப்பர்மேனும் எதிரியும் மோதியதில் நகரத்தின் கட்டடங்கள் வரிசையாகச் சரிகின்றன. உள்ளே இருந்தவர்களைப் பற்றிப் படம் கவலையே படவில்லை என்று பலருக்கும் வருத்தம். 2016-ல் வந்த அடுத்த படமான 'பேட்மேன் வி சூப்பர்மேன்', தன் தொடக்கக் காட்சிகளிலேயே அதே சண்டையைத் தெருவில் நின்று பார்க்க வைத்தது. புழுதிக்குள் ஓடும் புரூஸ் வேய்ன் (முகமூடி இல்லாத பேட்மேன்), கால் நசுங்கிய ஊழியர், அம்மாவைத் தொலைத்த சிறுமி. மேலே பறந்த இருவரும் அங்கிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள், யார் நல்லவர் என்று பிரித்தறிய முடியாது. அந்தப் படம் மொத்தமாகத் தேறியதா என்பது வேறு விஷயம், தொடக்கம் மட்டும் அபாரம்.

பெண்கள் இந்த வேலையைச் செய்யும் படங்கள் குறைவு. 'மை பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் வெட்டிங்' (1997) அவசியம் பார்க்க வேண்டியது. நண்பனின் கல்யாணத்தை நிறுத்த ஜூலியா ராபர்ட்ஸ் பொய் சொல்கிறாள், மணப்பெண்ணை அவமானப்படுத்தத் திட்டம் போடுகிறாள், இன்னொருவர் பெயரில் மின்னஞ்சல் வரை போகிறாள். வழக்கமான காதல் படமாக இருந்தால் கடைசியில் அவளுக்கே அவன் கிடைத்திருப்பான். இங்கே மணப்பெண் அவளை எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்கிறாள், கல்யாணமும் திட்டமிட்டபடி நடக்கிறது, இவள் வாழ்த்திவிட்டு ஒதுங்குகிறாள். 'ரெமோ'வை எடுத்தவர்கள் இந்த முடிவைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எல்லா நாயகர்களையும் இப்படிக் கவிழ்த்துவிடலாம் என்று கிளம்புவதும் சரியில்லை. 'தி கராத்தே கிட்' (1984) படத்தில் உண்மையான வம்புக்காரன் டேனியல்தான் என்று ஒரு வாதம் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. கழிவறையில் எதிரி ஜானி மேல் தண்ணீரைத் திறந்துவிட்டது நாயகன் டேனியல்தானே என்பார்கள். உண்மைதான், அது தேவையில்லாத சீண்டல். ஆனால் அதற்கு ஐந்து பேர் துரத்திப் பிடித்து, நிற்க முடியாதவனையும் அடித்தார்கள். அவனைக் காப்பாற்றிய பெரியவர் மியாகி வந்திராவிட்டால் என்னவாகியிருக்கும்? ஒரு குறும்பையும் ஒரு கும்பல் தாக்குதலையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பின்னால் வந்த 'கோப்ரா காய்' தொடர் (2018) ஜானிக்குப் பேச இடம் கொடுத்தது, அது நல்ல காரியம். அவன் கதையைக் கேட்க வேண்டும் என்பதற்காக டேனியலை வில்லனாக்கத் தேவையில்லை.

கடைசியாக, இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு ஜோடி. முதலில் 'காக்க காக்க' (2003) பாருங்கள். கம்பீரமான இளம் போலீஸ் அதிகாரிகள், ரவுடிகளைச் சுட்டுத் தள்ளுகிறார்கள், இசையும் எடிட்டிங்கும் அவர்களோடு சேர்ந்து ஓடுகின்றன. எனக்கும் பிடித்த படம்தான். அது முடிந்த கையோடு வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) பாருங்கள். பூங்காவில் படுத்துறங்கும் கூலித் தொழிலாளிகளை, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். கடைசியில் அவர்களையும் என்கவுன்டர் என்ற பெயரில் முடித்துவிடுகிறார்கள். மறுநாள் பேப்பரில் வரும் செய்தி இரண்டு படங்களிலும் ஒன்றாகத்தான் இருக்கும். வரிசையை மாற்றாமல் இதே வரிசையில் பார்த்தால்தான், முதல் படத்தில் யார் முகமெல்லாம் நமக்குக் காட்டப்படவே இல்லை என்பது தெரியும்.